சணல் சுற்றிய ஹோஸ்

அப்பா, இன்று காலை அம்பாசிடரின் பானெட்டைத் திறந்ததும் கருகிய மைதாப் பசை நாற்றம் அடித்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றும் என் விரல்களில் இருக்கும் அதே நாற்றம். அது எஞ்சினுக்குள் எப்படி வந்தது என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

போன சீசனில் தாயில்பட்டிப் பெண்களை வெடிக் கம்பெனிக்கு ஏற்றிப் போகும்போதே, வண்டி ஓரிடத்தில் நின்றால் நடுங்கும். "அண்ணே, வண்டிக்குக் குளிர்காய்ச்சலா? ஒரு ஊசி போட்டுட்டு வாங்க" என்று சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே, எஞ்சின் அணையாமலிருக்க ஐட்லிங் திருகை இன்னும் கொஞ்சம் முறுக்குவீர்கள். ஒரு ராத்திரி டார்ச் பிடித்து நின்ற நான்தான் கார்புரேட்டருக்குக் கீழே அந்த ரப்பர் ஹோஸைப் பார்த்தேன்.

"அப்பா, இதுல கீறல் விளுந்திருக்கு. மாத்திருவமா?"

"பொட்டப்புள்ள கை வைக்காதட்டி. சீசன் முடியட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஒண்ணு செய். வெடிக்குச் சுத்துற மாதிரி இதுக்கும் பசை போட்டுச் சுத்து. உன் சுத்து அவுறாது."

சுற்றினேன். கை வைக்கக் கூடாதவளின் கை அதற்கு மட்டும் வேண்டியிருந்தது.

வெடி உள்ளேயிருந்து வெளியே தள்ளும். சணல் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கும். இந்த ஹோஸோ கீறல் வழியே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்; காற்று கூடினால் எஞ்சின் நடுங்கி அணையும். சூட்டில் பசை பொரிந்துபோய், சணல் இடுக்கு வழியாகவே காற்று போயிருக்கிறது. கீறல் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பார்க்க வந்த மெக்கானிக்கும் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் நெஞ்சு வலிக்கிறது என்ற அன்று, "ஆட்டோ கூப்பிடுறேம்ப்பா" என்றேன். "நம்ம வண்டி இருக்கைல எதுக்கு?" என்று என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினீர்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி உதறி அணைந்தது. சாவியைத் திருப்பித் திருப்பி, "பிடிச்சிரும், பிடிச்சிரும்" என்றீர்கள். கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தபோது உங்கள் தலை ஸ்டியரிங்கில் கிடந்தது.

எல்லாரும் விதி என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று சாயங்காலம் பழைய இரும்புக்காரரைக் கூட்டிவருவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். "எஞ்சின் செத்துப்போச்சு தாயி, வச்சு என்ன செய்ய?" அதனால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வண்டியைக் கிளப்பினேன். நடுங்கியது. சணல் சுற்றின்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். நனைந்த சணல் காற்றை அடைத்த அந்தக் கொஞ்ச நேரம் நடுக்கம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. அதை அறுத்தெடுத்து, சாத்தூர் போய்ப் புது ஹோஸ் வாங்கிவந்து மாட்டினேன். நீங்கள் முறுக்கிவைத்த திருகையும் தளர்த்தினேன்.

எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டின்மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். சிந்தவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் ஆத்திரம் வந்தது. எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை அப்பா. ஒரு சாண் ரப்பர்.

சாயங்காலம் அவர்கள் வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "குடுக்க மாட்டேன் சித்தப்பா" என்றேன்.

"இந்தப் புள்ளைக்குப் பேச வருமா?" என்றார் இரும்புக்காரர். அவர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அறுத்த துண்டை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அன்று நீங்கள் சொன்னது சரிதான். உள்ளே ரப்பர் பிளந்து கிடக்கிறது. என் சுற்று அவிழவே இல்லை.