ஆறரை அடிச் சுவர்

சுபானு வருஷம், ஆனி 10
காலையில் களி கிண்டிக்கொண்டிருக்கும்போதே சேதி வந்துவிட்டது. பக்கத்து வூட்டு சென்னம்மாள் என் பேரில் பஞ்சாயத்து போர்டில் மனு கொடுத்துவிட்டாள். பதினோரு கைநாட்டு. அதில் ரெண்டு அவளுடையதே – வலது கட்டை விரல் ஒன்று, இடது ஒன்று.

குற்றம் என்னவென்றால், என் வூட்டு நாலு அறையையும் கல்யாணமாகாத நாலு ஆம்பளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேனாம். ஆமாம், விட்டேன். அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. மகன் காளியன் கோலார் தங்கச் சுரங்கத்தில். இத்தனை பெரிய வூட்டில் ஒருத்தி எத்தனை நாள் பல்லியோடு பேசுவது? பல்லிக்கே அலுத்துவிட்டது.

ஆனி 13
காளியன் கடிதாசு. "ஊர் வாயில் விழாதே. ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன். தகராறு தீரவில்லை என்றால் வூட்டைப் பூட்டிவிட்டு என்னோடு கோலார் வந்துவிடு."

அவனுக்கு யார் எழுதினது? சென்னம்மாள்தான். அவளுக்கு எழுத வராதே? எழுதிக் கொடுத்தது என் முன்னறையில் குடியிருக்கும் கம்பவுண்டர் சவுரியப்பன்! கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாவம், அவங்க சொன்னாங்க, எழுதிக் குடுத்தேன்ங்க. எழுத்து தெளிவா இருந்துச்சுங்களா?"

இவனை வைத்துக்கொண்டு நான் எங்கே ஜெயிப்பது?

கோலாரில் காளியனுக்கு ஒரே அறை. தும்மினால் மருமகள் மேல் தெறிக்கும். போகமாட்டேன்.

ஆனி 20
பிரசிடெண்ட் நேரில் வந்தார். குடை பிடிக்க ஓர் ஆள், எழுத ஓர் ஆள். சென்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "பொம்பளைங்க வாசல்ல நிக்க முடியலைங்க. அவனுங்க கண்ணு பூரா எங்க வூட்டு மேலதானுங்க" என்றாள்.

நான் விடுவேனா? "ஏனுங்க, நாலு பேரும் விடியறதுக்குள்ள வேலைக்குப் போனா வெளக்கு வெச்சுத்தான் வராங்க. கண்ணை மட்டும் இங்க கழட்டி வெச்சுட்டா போறாங்க?"

குடைக்காரன் சிரித்துவிட்டான். பிரசிடெண்ட் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆனி 24
தீர்மானம் வந்துவிட்டது. ரெண்டு வூட்டுக்கும் நடுவில் இருக்கும் கிளுவை வேலியை எடுத்துவிட்டு ஆறரை அடி உயரத்துக்கு என் செலவில் சுவர். ஆடி 15க்குள். இல்லையென்றால் நாலு பேரும் காலி பண்ண வேண்டும். காலி ஆனால் கோலார்தான்.

சென்னம்மாள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாளாம். இந்த ரேஷன் காலத்தில்!

ஆனி 30
ஏரி மண் வந்து இறங்கியது. வேலைக்குப் போகுமுன் நாலு பேரும் இறங்கி மிதிக்கிறார்கள். வீரன், கரியில் ஓடுகிற பாலக்கோடு பஸ்ஸுக்கு அடுப்பு ஊதுகிறவன். சேற்றில் குளித்து எழுந்த பிறகுதான் அவன் நிறமே எங்களுக்குத் தெரிந்தது. தீர்த்தன் ஓசூர்ப் பக்கத்துக்காரன், மண்ணைக் கன்னடத்தில் திட்டுகிறான். மண் அசையவில்லை. தமிழ் மண்.

ஆடி 4
மழை. பாதிச் சுவர் கரைந்துவிட்டது.

ஆடி 13
முடிந்தது! ரெண்டு நாள் மிச்சம்.

சாயங்காலம் நாலு பேரையும் சுவரோரம் உட்காரவைத்து, "சும்மா சிரிங்கடா" என்றேன். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு தீர்த்தன் ஆரம்பித்தான், நிறுத்த முடியவில்லை. அந்தப் பக்கம் முறத்துச் சத்தம் நின்றது.

"ஏய் குள்ளி, என்னாடி அங்க?"

"ஒண்ணுமில்ல சென்னக்கா. உனக்கு எதுக்கு, ஆம்பளைங்க சமாச்சாரம்!"

ஆடி 16
நாலாம் நாளாகச் சிரித்தோம். சுவருக்கு அப்பால் தொப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே "ஐயோ ஆத்தா!"

உரலைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி எட்டிப் பார்த்திருக்கிறாள். கால் பிசகிவிட்டது. சவுரியப்பன்தான் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடிக் கட்டுப் போட்டான். "மெதுவா, சாமி, மெதுவா" என்கிறாள் – மனுவில் அவன் பேர்தான் முதல் பேர்.

கீரைக் குழம்பு கொண்டுபோய் வைத்தேன். என் குறும்பால்தானே விழுந்தாள்? சுருக்கென்றது. கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாச் சொல்லுடி, என்னாத்துக்குச் சிரிச்சீங்க?" என்றாள். ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இன்னொரு கால் போய்விடும்.

ஆடி 18
காளியன் வந்துவிட்டான், கையில் தேங்காய் அளவு ஒரு பூட்டோடு. சுவரைக் காட்டினேன். "சுவர் எழுப்பினா சண்டை தீந்துருமா? மொதல்ல நாலு பேரையும் அனுப்பு. கெளம்பும்மா" என்றான். டிரங்குப் பெட்டியைக்கூட இழுத்துவிட்டேன்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு தலை.

"டேய் காளியா! எங்கடா கூட்டிக்கிட்டுப் போற அவள? கம்பவுண்டரு போயிட்டா எங்காலுக்கு யாருடா கட்டு மாத்தறது?"

"நீங்கதானே அத்தை கடிதாசு போட்டு வரச் சொன்னீங்க?"

"அது போன மாசம்டா! இவ போயிட்டா நான் யாரு மேலடா மனு குடுப்பேன்?"

அந்தக் கட்டுப் போட்ட காலோடு மறுபடி உரல் மேல் ஏறியிருக்கிறாள், பாவி. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஆடி 21
காளியன் காலை பஸ்ஸில் போய்விட்டான், தனியாக. வீரன் ஒரு மணி நேரம் ஊதித்தான் பஸ் கிளம்பியது. பூட்டை விட்டுப் போயிருக்கிறான். அதைச் சவுரியப்பனின் பேனாப் பெட்டிக்குப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆடி 25
போர்டு ஆள் வந்து அளந்தான். சரியாக ஆறரை அடி. தீர்மானப்படி என்று எழுதிக்கொண்டு போனான். அந்தப் பக்கம் உரலுக்குப் பதிலாக வீரன் கட்டிக் கொடுத்த மூணு படியை அவன் கவனிக்கவில்லை. சென்னம்மாள் அதன் மேல் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு இந்தப் பக்கம் மண் மிதிக்கிறார்கள். அவளைவிட எனக்கு உயரம் கம்மி. நாலு படியாகப் போடச் சொன்னேன்.