ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்

தம்பி,

மதியம் அறையில் இருந்தவர்கள்: நீ, நான், சத்தம் தாங்காமல் ஏறி வந்த கீழ்வீட்டுக்காரர், புது ஸ்பீக்கர் பெட்டி.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை மீட்டினால் பெட்டி கடகடக்கிறது, திருப்பிக் கொடுக்கிறேன் என்றாய். நாம் ஏறி இறங்கிய கடைகளில் உன் கிட்டாருக்குத் தோதானது இது ஒன்றுதான் என்றேன். "அக்கா, காலேஜையே பாதியில விட்டுட்டு எனக்குப் பாடம் எடுக்காத!" என்று கத்திவிட்டுப் போனாய். அதை மறக்க மாட்டேன்.

நீ போனபின் நானே மீட்டிப் பார்த்தேன். கடகடத்தது பெட்டியல்ல, பீரோவில் தொங்கிய என் சாவிக்கொத்து.

காலையில் நான் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நீ வரச்சொன்ன கடைக்காரர் பெட்டியை எடுக்க வந்துவிடுவார். அதற்குள் ஒருமுறை வாசித்துப் பார்.

நீ திரும்பி வந்து தூங்கிவிட்டாய்; சோறு அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்.

பி.கு: கொத்தை எடுத்துக்கொண்டேன். இனி உள்ளே இரைய உன்னைத் தவிர எதுவுமில்லை. அதே கொத்தால் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன்.