குறை சொல்வதற்கென்றே ஒரு வேலை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், அப்பாவின் முதுகுவலி மட்டும் வந்து வந்து போகிறது. நீயும் நலமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் அவள் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. இந்த வரியை எழுத மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள், அதட்டித்தான் எழுத வைத்தேன்.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாய். மற்றவர்கள் செய்த சாஃப்ட்வேரைத் தட்டிப் பார்ப்பதுதான் வேலை என்றாய். சேர்ந்த புதிதில், பக்கத்து சீட்டுக்காரர் செய்ததில் நிறையத் தப்பு கண்டுபிடித்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். புது இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்காதேடா, பார்த்தும் பாக்காத மாதிரி இரு என்று நான்தான் சொன்னேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் நடுவில் உனக்கும் கூச்சம், அப்படியே இருந்துவிட்டாய். இப்போது மேனேஜர், தப்பே கண்டுபிடிக்காத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இந்த மாதம் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்கிறாராம். இது எந்த ஊர் நியாயம் கண்ணா? குறை சொன்னவனுக்கு வேலை போய்க் கேள்விப்பட்டிருக்கிறேன், சொல்லாதவனுக்குமா போகும்? அப்பாவைக் கேட்டால், அவன் வேலை அவனுக்கே புரியுதோ என்னமோ, என்னைப் போய்க் கேக்கிறியே என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பழைய கடையில் கேட்டு வை என்றாய் அல்லவா, நேற்று போனேன். தங்கையும் வந்தாள், வந்தவள் வாசலில் அடுக்கியிருந்த பழைய ஃபிரிட்ஜுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முதலாளி உன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. திங்கக்கிழமையே வரச் சொல்லுங்கக்கா, ஆனா அந்த வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்க என்றார். என்ன செய்தான் என்று கேட்டேன். நான் சரிபண்ணி மூடின ஃபிரிட்ஜுல காதை வெச்சுக் கேட்டுட்டு, இன்னும் சத்தம் வருதே முதலாளின்னு கஸ்டமர் முன்னாடியே மானத்தை வாங்குவான்க்கா என்று சிரித்தார். எனக்குத் தலை சுற்றியது. அங்கே உன்னிடம் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் இவர் வேண்டாம் என்கிறார். சரி, வேலை என்று ஒன்று இருந்தால் போதும், வருவான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், யாரிடமும் பேசாத உன் தங்கை பின்னாலிருந்து, அண்ணன் வரமாட்டான் என்றாள். முதலாளி என்னைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். அதையும் இப்போது அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இனி அந்தக் கடையில் உனக்கு இடம் இல்லையப்பா. செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே, கண்ணில் பட்ட தப்பையெல்லாம் அந்த மேனேஜரிடம் சொல்லிவிடு. சிரித்த முகமாகச் சொல். சிரித்தால் கேலி என்று நினைப்பாரோ, அப்படியானால் சிரிக்காமல் சொல். எப்படியோ சொல். ராத்திரி கண் விழிக்காதே. நல்லா இரு, எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும். யாராவது கோபித்துக்கொண்டால் மட்டும், அம்மாதான் சொல்லச் சொன்னாள் என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா