சுடுகாடு என்று போட்ட கிணறு

வடகரட்டுப்பட்டி,
12.5.2003

அன்புத் தங்கை சுதாராணிக்கு, அக்கா கற்பகம் எழுதுவது. இங்கே அம்மா, நான், இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி வெயிலோடு கூடியிருக்கிறது. பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த மாரையும் பிடுங்கியாகிவிட்டது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உனக்கு அந்தச் சீமைக் குளிர் ஒத்துக்கொண்டதா?

போன செவ்வாய்க்கிழமை உன் கல்லூரி டீச்சரம்மா நம் ஊருக்கு வந்தார்கள். அவர்கள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல மதுரையிலிருந்து ஒரு பெண்ணும் கூட வந்தாள். வருகிறார்கள் என்று நீ ஒரு வரி எழுதவில்லை. அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பொம்பளைகளை எல்லாம் பள்ளிக்கூடத்து முன்னால் உட்காரவைத்து, கலர் கோலப்பொடியைக் கொடுத்து, ஊரைத் தரையில் வரையச் சொன்னார்கள். என் கோலம் நன்றாயிருக்கும் என்று என்னையே இறக்கிவிட்டார்கள். தெரு, கோவில், குளம் எல்லாம் போட்டேன். மேற்கே நம் கிணற்றுப் பக்கம் வந்ததும் வேலுத்தாய் மதினி என் முதுகில் கிள்ளினாள். கிள்ளவே வேண்டாம், எனக்குத் தெரியாதா? நீ பத்தாவது படிக்கும்போது, சர்வே என்று வந்த ஆளிடம் தென்கிணற்றைக் காட்டினோமே, மறந்துவிட்டாயா? மூன்றே மாதத்தில் டவுன் லாரிகள் வந்து உறிஞ்சி, அடியில் சேறுதான் மிச்சம். அன்றிலிருந்து வெளியாளிடம் நல்ல தண்ணீர்க் கிணற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் கிணறு இருக்கிற இடத்தில் சாம்பல் பொடியைத் தூவி, சுடுகாடு என்று சொல்லிவிட்டேன். ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள் அல்லவா!

அந்தம்மாவோ சுடுகாடு என்றதும் காமிராவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள், பார்க்க வேண்டுமாம். எங்கள் வழக்கத்தில் பொம்பளைகள் அங்கே போகக்கூடாது என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்து, சிரித்த முகத்தோடே ஒன்று கேட்டார்கள். மதுரைப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: சுதாராணி தன் படிப்புக் கட்டுரையில் இதே இடத்தில் குடிதண்ணீர்க் கிணறு என்று எழுதியிருக்கிறாளே, நீங்கள் சுடுகாட்டிலா தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. கையிலிருந்த சாம்பல் பொடியை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அந்தம்மாவின் ஆட்கள் அந்தக் கிணற்றில் மோட்டார் வைத்து, தொட்டி கட்டி, ஆறு ஊருக்குத் தண்ணீர் கொடுக்கப்போகிறார்களாம். நல்லதுக்குத்தான் என்கிறார்கள். இருக்கலாம். மோட்டார் ரூம் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று கேட்டேன். அதற்குக் கமிட்டி போடுவோம் என்றார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலம் என்னைக் கூப்பிடாமலே எல்லாரும் குடத்தோடு போய்விடுகிறார்கள். வேலைக்குப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் வேனிலும் என் பக்கத்துச் சீட்டு காலி. மதினி மட்டும் முகத்துக்கு நேரே, “ஏட்டி கற்பகம், ஒன் தங்கச்சி படிக்கதுக்கு நம்ம கெணறுதானா கெடைச்சுது?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுதா, போன தை மாதம் நீ ஒரு கடிதம் போட்டாயே. அக்கா, கிணறு எவ்வளவு ஆழம், முதலில் யார் இறைப்பது, யாரை இறைக்க விடமாட்டோம் என்றெல்லாம் கேட்டிருந்தாய். பிள்ளைக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று நான் அழுதுகொண்டே ஆறு பக்கம் எழுதினேன். கடைசிக் கேள்விக்குக்கூட மறைக்காமல் எழுதினேன். தங்கையிடம் என்ன வெட்கம் என்று நினைத்தேன்.

இப்போது உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கேள்விகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருக்கிறாய். அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை.

ஊர் உன்னைத்தான் ஏசுகிறது. எழுதிக்கொடுத்தவள் நான் என்று யாருக்கும் தெரியாது. ஏச்சு உன்மேலே போகட்டும் என்று நானும் பேசாமல் இருக்கிறேன். அது நெஞ்சை அறுக்கிறது.

நான் எழுதிய ஆறு பக்கத்தையும் அந்தம்மாவிடம் காட்டினாயா? மறைக்காமல் சொல். காட்டவில்லை என்றால் அடுப்பில் போட்டுவிடு. அவர்கள் அந்தக் கிணற்றில் கை வைக்கும் முன்னால் நீ ஒருதரம் வந்து, ஊர் முன்னால் நின்று பேசிவிட்டுப் போ.

உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. பதில் போடும்போது, அக்கா எப்படியிருக்கே என்று ஒரு வரி கேள். அதற்கு மட்டும் நம்பர் போடாதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அக்கா கற்பகம்