நாற்பதாவது விநாடியின் மூச்சு

அன்புள்ள பிசாசுக்குட்டிக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் சுகமாக இருக்கிறோம், அவளுடைய பல்வலியும் என்னுடைய வாயும் மட்டும்தான் அடங்கவில்லை. நீயும் உன் படத்துப் பறக்கும் வீரனும் அங்கே கைகால் சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி நான் எழுதப்போவதை இந்தப் பூமியில் ஒரு ஜீவனும் நம்பாது என்று உன் சித்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனேன், அவள் தலையைக் கொடுக்க மறுத்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆகவே என் தலைமீதே சத்தியம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். வீரன் தன்னால் காப்பாற்ற முடியாமல் போன பெண்ணின் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிமிஷ மௌனத்தைத் தூக்கிவிட்டு அங்கே அறுபது வயலின் வாசிக்க வேண்டும் என்கிறாராம் தயாரிப்பாளர். வெள்ளிக்கிழமைக்குள் நீ தலையாட்டாவிட்டால் படத்தை வெட்டி ஒட்டும் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடுமாம். நீயும், போனாப் போகுது சித்தப்பா, அது நீங்க அலமாரிக்குப் பின்னாடி நின்னு விட்ட மூச்சுதானே, அதுக்காகவா ஒரு படத்தைத் தொலைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். என் மூச்சை இவ்வளவு மட்டமாக ஒருவரும் பேசியதில்லை. உன் முதல் பேய்ப்படத்தை நம் மாடியறையில் பதினோரு பேரை வைத்துக்கொண்டு எடுத்தாயே, அன்று மத்தியானம் எல்லோரையும் கீழே அனுப்பி, ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, அறையின் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிஷம் பிடித்தாய். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒட்டுப்போட அது வேண்டும், எங்க தொழில்ல இது வழக்கம் என்றாய். போட்டுக் கேட்டால் நாற்பதாவது விநாடியில் யாரோ நிதானமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். விளக்குக்காரர்கள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள், நீ வெளிறிப்போய், இந்தப் படம் வேண்டாம் என்றாய். அப்போதுதான் நான் உள்ளே வந்து, அடி அசடே, நான்தான் ஒளிஞ்சிருந்தேன், பின்படி வழியா நழுவிட்டேன் என்று சிரித்தேன். படம் பிழைத்தது, நீயும் பிழைத்தாய். அந்த மாடியறைப் பேய், ஆஸ்பத்திரிப் பேய், லிஃப்ட் பேய், பறக்கும் வீரனின் முதல் படம், இப்போது இரண்டாவது என்று ஐந்து படத்திலும் அந்த ஒரு நிமிஷத்தை வைத்தாய். ஐந்து படத்திலும் தொடர்ந்து நடித்த ஒரே நடிகன் நான், மற்றவர்களுக்கெல்லாம் நரைத்துவிட்டது, என் மூச்சுக்கு வயதாகவில்லை.

ஆனால் ஒன்று, நீ அந்த நிசப்தத்தைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனாயே, அன்றோடு இந்த வீட்டில் நிசப்தம் என்ற சரக்கே தீர்ந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகல் மூன்று மணிக்கு எலெக்ட்ரீஷியன் மாடியறை மின்விசிறியைப் பார்க்க ஏறினார். ஐந்தாவது நிமிஷம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்கி வந்து, சார், மேல யாரோ அசந்து தூங்குறாங்க, எழுப்ப மனசு வரல, அப்புறமா வர்றேன் என்று என் காதில் சொன்னார். வாசல்வரை நடந்தார், தெருமுனைவரை ஓடினார், அதற்குப் பிறகு மூன்று ஊர் தாண்டி ஒரு ஓட்டப்பந்தயத்தில் புகுந்து முதல் பரிசு வாங்கியதாகக் கேள்வி. நான் விடுவேனா, மேலே போனேன். அலமாரிக்குள் மடித்து வைத்த துணிகளெல்லாம் மெதுவாக மேலே எழும்புகின்றன, மெதுவாகக் கீழே அமர்கின்றன. வெளியே வெயில் கொளுத்துகிறது, சன்னல் கண்ணாடியில் மட்டும் உள்பக்கமாக ஒரு முகம் அகலத்துக்கு ஆவி படர்கிறது, மறைகிறது, படர்கிறது. நான் மூச்சைப் பிடித்தேன், அதுவும் பிடித்தது. நான் விட்டேன், அது விடவில்லை. உன் சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினால் அவள் அந்த ஆவியில் விரலால் உப்பு, சோப்பு, தீப்பெட்டி என்று எழுதிவிட்டு, கடைக்குப் போறப்ப இதைப் பாத்துட்டுப் போங்க, உங்க குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலை என்று இறங்கிப் போய்விட்டாள்.

சரி, போதும். எலெக்ட்ரீஷியன் ஓடவில்லை, விசிறியைச் சரிசெய்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். துணி துணியாகவே இருக்கிறது, கண்ணாடியில் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. உன்னைச் சிரிக்க வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று சுற்றி வளைத்தேன், இதற்குமேல் சுற்ற இடமில்லை. நீ நிசப்தம் பிடித்த அன்று மத்தியானம் நான் வீட்டிலேயே இல்லையம்மா. முடிதிருத்தும் கடையில் கன்னம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன், சித்தி பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, நான் இருக்கும் பருமனுக்கு என் மீசைகூட அதில் நுழையாது, பதினைந்து வருஷமாக ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அப்படிச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை, சொல்லாவிட்டால் நீ அன்றே படத்தைக் கைவிட்டிருப்பாய். ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தானே இப்போது அந்த நிமிஷத்தை விட்டுக்கொடுக்கத் துணிகிறாய். அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாது. நாற்பது விநாடி காத்திருந்துவிட்டு ஒரே ஒரு தடவை மூச்சு விட்டவர்கள், அதன்மேல் அறுபது வயலினைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை நீ என்ன சொன்னாலும் என் பிள்ளை சொன்னதுதான் சரி என்று இருப்பேன். சித்தப்பாவின் மூச்சுதானே என்று மட்டும் சொல்லாதே.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி, பேரும் பெருமையுமாக நீ நீடூழி இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயில் காலத்தை ஓட்டாதே. சித்தி உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள், கை அளவை எழுதி அனுப்பு.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு நிஜம் எழுதிய,
உன் சித்தப்பா