நூர் மச்சான் நிமிர்ந்து பார்த்த வீடியோ

786

கடத்தூர்,
22-2-1987

அன்புள்ள ஜமீர் அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை ஷகிலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் சுகம், நீங்கள் துபாயில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பு இளைக்காமல் இருக்கிறீர்களா என்பதை மறைக்காமல் எழுதவும். நானும் எதையும் மறைக்கப் போவதில்லை. வீடியோ எடுத்த கதையைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். அம்மா சொன்னது எது, நான் கண்ணால் பார்த்தது எது என்று பிரித்தே எழுதுவேன்.

புளி சீசன் என்பதால் அப்பா வத்தல்மலைக்குப் போய் நான்கு நாளாகிறது, அதனால் வீடியோ எடுத்தபோது அவர் இல்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. எனக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இதையெல்லாம் சீக்கிரம் முடி, நூர் மாப்பிள்ளை விஷயத்துக்கு வா என்று அம்மா அவசரப்படுத்துகிறார். நீங்கள் அனுப்பிய பேச்சு கேசட்டும் கடிதமும் போன வாரம் வந்து சேர்ந்தன. நூர் மச்சானை வேலைக்கு எடுக்க உங்கள் முதலாளி அரபியில் கேட்ட ஏழு கேள்விகளையும் நீங்கள் தமிழில் படித்துப் பதிவு செய்திருப்பதையும், ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் பதில் சொல்ல இடம் விட்டிருப்பதையும் கேட்டு ஹாஜிரா அக்கா அசந்துபோனார். தையல் கடையில் உங்கள் இடத்தில் துணி வெட்ட இன்னொரு கட்டிங் மாஸ்டர் வந்து கத்தரியைப் பிடித்தால்தான் உங்களுக்கு லீவு என்று முதலாளி சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. ஆகவே வீடியோவில் மச்சான் நன்றாகப் பேசினால் அவருக்கு வேலை, அம்மாவுக்கு நீங்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் இத்தனை பதற்றம்.

உங்கள் கடிதத்தில் இருந்த யோசனைகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கேமராவின் கண்ணாடியைப் பார்த்துப் பேச வேண்டும், மூக்கைத் தொடக் கூடாது, கேள்வி முடிவதற்குள் வாயைத் திறக்கக் கூடாது, பின்னால் கொடித்துணி தெரியக் கூடாது. கொடித்துணியை மறைக்க அக்காவின் நிக்காஹ் புடவையைக் கட்டித் தொங்கவிட்டோம். வீடியோ எடுக்கத் தருமபுரியிலிருந்து ஸ்டூடியோ மாது அண்ணன் வந்தார். அவர் இதுவரை கல்யாணம் மட்டுமே எடுத்தவராம். புடவையைப் பார்த்ததும் பொண்ணு எங்கங்க என்றுதான் முதலில் கேட்டார். கடைத்தெருச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலையெல்லாம் சாத்தி, இரண்டு பெரிய விளக்குகளைப் போட்டதும் முன்னறை அடுப்புக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. மச்சான் தன் கடையிலிருந்து தூக்கி வந்த தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மேலே கோட்டு, கீழே கைலி. இடுப்புக்குக் கீழே தெரியாதுன்னு மாது சொல்லிட்டாரு, இந்தப் புழுக்கத்துல பேண்ட்டு எதுக்கு என்றார். சுவரில் ஒட்டிய தாளில் பேண்ட் பற்றி ஒன்றும் இல்லாததால் நானும் விட்டுவிட்டேன், அது என் தவறுதான்.

டேப் ரெக்கார்டரில் உங்கள் குரல் வந்ததும் அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். உங்கள் பெயர் என்ன, எத்தனை வருஷமாகத் தைக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு மிஷினின் சக்கரத்துக்குப் பதில் சொன்னார். மாது அண்ணன், பாய், தொப்பி மட்டுந்தான் தெரியுது, மூஞ்சியக் காட்டுங்க, மாலை மாத்தற மாதிரி லேசா சிரிங்க என்று கெஞ்சினார். மச்சான் நிமிரவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவர, மாமியார் எதிரில் வருகிறாரே என்று மச்சான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கோட்டும் கைலியும் முழுதாகப் பதிவாகிவிட்டன. அக்கா சிரித்த சிரிப்பும் அதில் கேட்கும்.

இரண்டாம் முறை, கடைக்குத் தைக்க வந்த யாரோ ஒருவருடைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், அப்போதும் குனிந்த தலைதான். துபாய் முதலாளியை நினைத்துப் பயப்படுகிறார் என்றார் மாது அண்ணன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கூட சண்டை போடறப்ப மட்டும் கண்ண உருட்டத் தெரியுதா, அதே மாதிரி அந்தக் கண்ணாடிய உருட்டிப் பாரேன் என்றார். நான் ஒரு மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். நடுவில் பால் பொங்குகிற வாசனை வந்து அம்மா சமையலறைக்கு ஓடினார். அந்த ஒரு நிமிஷம் மச்சான் நன்றாக நிமிர்ந்து, கண்ணாடியை நேராகப் பார்த்து, தெளிவாகப் பேசினார். அம்மா திரும்பி வந்ததும் தலை மறுபடி கீழே போய்விட்டது. காரணம் முதலாளி இல்லை, நம் அம்மா. கல்யாணமான நாள்முதல் மச்சான் மாமியாரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதே இல்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான், கேமரா வந்த பரபரப்பில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

இதை யார் அம்மாவிடம் சொல்வது? அக்கா மாட்டேன் என்றார். மச்சானால் முடியவே முடியாது. நான்தான் சொன்னேன், நீ நிக்கற வரைக்கும் மச்சான் நிமிர மாட்டாரும்மா என்று. அம்மா முகம் சுருங்கிவிட்டது. நல்லா இருக்குதே, எம்புள்ள எங்கூட்டுல பேசறான், நான் வெளிய போவணுமா, மூணு வருசம் களிச்சு இப்பத்தான் அவன் கொரலக் கேக்கறேன் என்றார். டேப் ரெக்கார்டரை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். பிறகு, சரி, எனக்குத் துணி கெடக்குது என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்குப் போய், கதவையும் இழுத்துச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவது பதிவு முழுசாக நன்றாக வந்தது. வாடிக்கையாளர் திட்டினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு மச்சான் சொன்னதை அப்படியே தருகிறேன். திட்ட உடுவேங்க, திட்டறவங்க எந்த எடத்துல புடிக்குதுன்னு கையால தொட்டுக் காட்டிக்கிட்டேதான் திட்டுவாங்க, அந்த எடத்தப் பிரிச்சுத் தெச்சாப் போதும். துணியைத் தவறாக வெட்டியதுண்டா என்றதற்கு, உண்டுங்க, மொத வருசம் ஒரே பேண்ட்டுக்கு ரெண்டும் எடது காலா வெட்டிட்டேன், என் சொந்தத் துணி வாங்கித் தெச்சுக் குடுத்தேன் என்றார். மாது அண்ணனே கேமராவை விட்டுத் தலையை வெளியே நீட்டிக் கேட்டார். நான் நடுவில் பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அம்மா கையில் இருந்தது காலையிலேயே துவைத்துக் காயப்போட்ட துண்டு. அதைத்தான் மறுபடி அலசிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை துபாய்க்குத் திரும்பும் அன்வர் பாஷா மாமா வீடியோ கேசட்டையும் இந்தக் கடிதத்தையும் கொண்டுவருவார். அம்மா உங்களுக்குச் சொல்வது: எண்ணெய் தேய்த்துக் குளி, ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ராத்திரி வேலை அதிகம் என்றால் ஒரு டம்ளர் பாலாவது குடி, தொழுகையை விடாதே. கேசட்டை வெயிலில் வைக்காதே. கைலியும் குனிந்த தலையும் தெரிகிற முதல் ஏழு நிமிஷத்தை ஓட்டிவிட்டு மீதியை முதலாளிக்குக் காட்டு. அதை அழிக்கட்டுமா என்று மாது கேட்டார், எம்மவன் பாத்துச் சிரிக்கட்டும், இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பேரும் தருவான். மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தால் அதே கையோடு உன் லீவு தேதியை எழுது. கையெழுத்தை நானே போடுகிறேன்.

இப்படிக்கு, உன் அம்மா
ஜான் பீ

அம்மா தூங்கப் போய்விட்டதால், மீதியையும் எழுதினால்தான் நான் சொன்ன சொல் நிற்கும். எல்லாம் முடிந்து மச்சானும் அக்காவும் மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். அம்மா உள்ளே வந்து, உங்கள் பேச்சு கேசட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். மச்சான் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, முந்தானையைத் தலைமேல் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டீர்கள். ஜான் பீ என்றார். என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டீர்கள். எல்லா வேலையுந்தான் என்றார். ஏழாவதாக, உங்களால் எப்போது கிளம்பி வர முடியும் என்று கேட்டீர்கள். அம்மா டேப் ரெக்கார்டரை நேராகப் பார்த்து, நீ எப்பப்பா வர்றே என்றார். நீங்கள் பதிலுக்கு விட்டிருந்த இடம் முழுவதும் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது. இன்னும் கிளம்பாமல் இருந்த மாது அண்ணன் இதையும் பதிவு செய்ய அவசரமாகக் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கப் போனார், ஆனால் அதற்கு முன்பே விளக்குகளை அணைத்துவிட்டிருந்தோம்.