ஒலிபெருக்கியை நிறுத்தாத பாய்க்கு

நேற்றுச் சாயங்காலம் தெப்பக்குளத்து மூலையில் கடலை வண்டிக்காரர் கார்பைடு விளக்கைப் பற்றவைத்தார். அந்தப் பூண்டு வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன், பாய். நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. முனிசிபாலிட்டி ஆண்டுமலரில் ‘நமது ஒலிபரப்புப் பகுதி வளர்ந்த கதை’ என்று இரண்டு பக்கம் போட்டிருக்கிறார்கள். மாஜிக் விளக்கு வந்ததாம், ரேடியோ வந்ததாம், ஒலிபெருக்கி வந்ததாம், பேசும்பட வண்டி வந்ததாம். எல்லாம் தானாகவே நடந்து வந்ததுபோல எழுதியிருக்கிறார்கள். சாமான்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் பிரசவ நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் சுகாதாரப் பகுதியின் விளக்குக்காரர். கண்ணாடித் தகட்டில் தீட்டிய படத்தைக் கார்பைடு வெளிச்சத்தில் திரையில் பெரிதாக விழச் செய்வீர்கள், பக்கத்தில் நின்று நான் விளக்கம் சொல்வேன். உங்கள் தெருப் பெண்கள் ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். “அவங்க வரலைன்னா விட்டுடுங்க” என்றார் ஹெல்த் ஆபீஸர். நீங்கள் விடவில்லை. ஒரு வீட்டு முற்றத்தின் குறுக்கே எட்டு முழ வேட்டியைக் கட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, விளக்கோடு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். ஈரத்துணியில் படம் எங்கள் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. முதல் நாள் தகட்டைத் திருப்பிப் போட மறந்துவிட்டீர்கள். எழுத்தெல்லாம் வலப்பக்கத்திலிருந்து தொடங்க, “இது அரபியா நர்ஸம்மா?” என்று ஒரு அம்மா கேட்டார். திரைக்குப் பின்னால் நீங்கள் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு பத்து வருஷம், என் முகத்தைப் பார்க்காமலே, குரலை மட்டும் வைத்துப் படத்தை மாற்றிக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு ரேடியோ வந்தது. பூங்காவில் ஒரு சின்ன அறை, அதில் மைக், அங்கிருந்து கம்பி இழுத்துக் கடைவீதியிலும் மார்க்கெட்டிலும் ஒலிபெருக்கிக் குழாய்கள். தினமும் மாலை ஐந்தரைக்கு முனிசிபாலிட்டி அறிவிப்பு, மெஷினை இயக்குவது நீங்கள். ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்கலாம் என்று குதித்தது. நீங்கள் மட்டும் வேறு கணக்குப் போட்டீர்கள். “இனிமே வேட்டி கட்ட வேண்டாங்க நர்ஸம்மா. சத்தம் சுவரைத் தாண்டிப் போயிடும். பொம்பளைங்க வீட்டுக்குள்ள உக்காந்தே கேட்டுக்குவாங்க. நீங்க பேசுங்க” என்றீர்கள்.

கவுன்சிலர் ஒருவர் தாண்டிக் குதித்தார். “பொம்பளைக் குரல் கடைத்தெருவுல கேக்கறதா? அதுவும் பிரசவப் பேச்சு! ஊரு என்ன சொல்லும்?” ஸ்ரீரங்கத்தில் என் அண்ணாவும் அதையேதான் கேட்டார். “நம்மாத்துப் பொண்ணு தெருத்தெருவாக் கத்தணுமோ?” கடைசியில் நான் எழுதிக் கொடுப்பது, குமாஸ்தா வாசிப்பது என்று முடிவாயிற்று.

குமாஸ்தா நல்ல மனிதர், ஆனால் மகா கூச்சக்காரர். பிரசவம், ரத்தம், மார்பு, தொப்புள்கொடி என்று நான் எழுதியதில் ஒரு வார்த்தையும் அவர் வாயில் வரவில்லை. ஆபீஸ் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘மேற்படி’ போட்டார். “மேற்படி சமயத்தில் மேற்படியை வெட்டும் கத்தியை வெந்நீரில் போடவும். மேற்படியின்மீது மேற்படிகளை வைக்கக் கூடாது.” ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன் பாய், அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மாதமே கடைவீதிப் பின்சந்தில், குழாய்க் கம்பத்துக்கு எதிர்வீட்டில், ஒரு குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் அது பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டபோது உடம்பு வில்லாக வளைந்திருந்தது. தொப்புளில் சாணச் சாம்பல் அப்பியிருந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. “தினமும் ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன்மா. எது மேல என்னத்த வைக்கக் கூடாதுன்னு அவரு சொல்லவே இல்லையே” என்றாள்.

அப்படியே பூங்கா அறைக்கு வந்து உங்களிடம் சொல்லி அழுதேன். நீங்கள் தலையைக் குனிந்து மைக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

“நாளைக்கு நீங்கதான் பேசுறீங்க.”

“உத்தரவு?”

“கேட்டா கிடைக்காது. அதனால கேக்கல.”

மறுநாள் பேசினேன். தொப்புள்கொடியைத் தொப்புள்கொடி என்றே சொன்னேன். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள், கொடியில் சாணமும் வைக்காதீர்கள், சாம்பலும் வைக்காதீர்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவாதவள் யாராக இருந்தாலும் கிட்டே விடாதீர்கள். பாதியில் அந்தக் கவுன்சிலர் மூச்சு வாங்க ஓடிவந்து, “நிறுத்துய்யா!” என்று கத்தினார். அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது. நீங்கள் ஸ்விட்சுக்கு முன்னால் போய் நின்றீர்கள். “அம்மா பேசி முடிக்கட்டுங்க. அப்புறம் என்னை நிறுத்துங்க.”

அப்படியே செய்தார்கள். உங்களைக் காவிரிக்கரைத் தண்ணீர் பம்பு நிலையத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் திரும்ப வரலாம் என்றார்கள். “மெஷின் நல்லாத்தானே வேலை செஞ்சிச்சு, எதுக்கு மன்னிப்பு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

குமாஸ்தா மறுபடி மைக்குக்கு வந்தார். அவர் “மேற்படி” என்றதுதான் தாமதம், கடைவீதி மாடிகளில் பெண்கள் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டத் தொடங்கினார்கள். முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும். மூன்று சாயங்காலம் அவர் பேச்சு ஒருவருக்கும் கேட்கவில்லை. நான்காம் நாள் ஆபீஸிலிருந்து எனக்கு ஆள் வந்தது, வெள்ளிக்கிழமைதோறும் நான் பேசலாமாம். நான் பம்பு நிலையத்துக்கு ஓடிவந்து, நீங்கள் திரும்பாமல் மைக்கைத் தொடமாட்டேன் என்றேன். என்மேல் நீங்கள் கோபப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். “நீங்க வாயை மூடினா, நான் இங்க எதுக்கு வந்து உக்காந்திருக்கேன்?”

ஆகவே மூடவில்லை. சண்டைக் காலத்தில் பேசும்பட வண்டி வந்தது. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் படத்தைக் காட்டிவிட்டு உடனே கிளம்பச் சொன்னார்கள். குழந்தை வளர்ப்புப் படத்தையும் ஓட்டாமல் வண்டியைக் கிளம்ப விடமாட்டேன் என்று அதன் முன்னால் நின்றேன். எப்படி நிற்பது என்று பார்த்துத் தெரிந்துகொண்டவள்தானே. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது, பாலத்தின்மேல் வந்ததும் உங்கள் பம்பு நிலையம் இருக்கும் பக்கம் என்னால் பார்க்க முடிந்ததில்லை. என் குரலுக்கு விலை கொடுத்தது நீங்கள். அது எனக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது.

வெள்ளைக்காரன் போய்விட்டான், உங்கள் தண்டனைப் பைல் மட்டும் போகவில்லை. நீங்கள் காலமானது ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்குவார்கள் என்று சொன்னார்கள். அடக்கம் செய்யும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. எனக்கு இருந்த இடம் அந்த மைக் மட்டும்தான். அன்றைய அறிவிப்பில் இரண்டு வரி சேர்க்க அனுமதி கேட்டேன். “தண்டனை வாங்கின ஆள். முனிசிபாலிட்டி குழாய்ல அவர் பேர் வரக்கூடாதும்மா” என்றார் புது ஆபீஸர். கொசு ஒழிப்புக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

ஐந்தரைக்கு அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உங்கள் பெயரைச் சொன்னேன். உங்கள் தகப்பனார் பெயரையும் தெருவையும் சொன்னேன். “ஒரு பெண்ணின் குரல் உங்கள் வீட்டுக்குள் வந்தது இவரால்தான், அதற்காக இவர் மன்னிப்புக் கேட்கவில்லை, இந்த ஊரில் எட்டாம் நாளைத் தாண்டிய குழந்தைகளைப் பெற்றவர்கள் இவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்” என்றேன். அந்நேரம் உங்களைக் கடைவீதி வழியாகத் தூக்கிப்போய்க்கொண்டிருந்தார்களாம். நான் முடிக்கும்வரை எல்லோரும் குழாய்க்குக் கீழே நின்றார்கள் என்று உங்கள் மகன் பிறகு வந்து சொன்னார்.

மறுநாளே மெமோ வந்தது. மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டுமாம். அதற்குப் பிறகு இரண்டு நினைவூட்டலும் வந்துவிட்டன. மூன்றையும் என் பையில்தான் வைத்திருக்கிறேன், பிரசவத்துக்குப் போகும்போதும் கூடவே வருகின்றன. பதில் எழுதப் போவதில்லை, பாய். விளக்கத்தை அன்றைக்கே ஊரறியச் சொல்லிவிட்டேன்.